லேபிள் இருந்த இடம்

உங்களுக்கு இன்னும் நோய் வரவில்லை, ஆகவே நீங்கள் கேட்கும் நியாயத்துக்கும் இன்னும் நேரம் வரவில்லை என்று நீதிமன்றத்தில் ஒருவர் உங்கள் முகத்துக்கு நேரே சொன்னால் என்ன செய்வீர்கள்? நல்ல செய்திதானே என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவீர்களா?

டிரம்மக்கா திரும்பவில்லை. நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் நிற்கிறார். டீ சொல்லியாகிவிட்டது. அது வருவதற்குள் கடை வாசலில் இருக்கும் நீலத் தண்ணீர் டிரம்மின் வயிற்றை உள்ளங்கையால் தடவுகிறார். மேலிருந்து கீழாக ஒரு முறை, குறுக்கே ஒரு முறை. ஓரிடத்தில் கை நின்றுவிடுகிறது.

"இது எங்க வாங்குனீங்க?"

"பழசு விக்கிற கடையிலதான். ஏன்க்கா, உங்களுக்கும் ஒண்ணு சொல்லட்டுமா?" என்கிறார் கடைக்காரர்.

"வேணாம். டீயும் வேணாம்."

போட்ட டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு, கடைக்காரரின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைக்கிறார். "பாருங்க, இங்க மட்டும் சொரசொரன்னு இல்ல? ஒரு காகிதம் ஒட்டியிருந்துச்சு, யாரோ சுரண்டியிருக்காங்க. அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரியாம இதுல தண்ணி வைக்காதீங்க தம்பி."

"வியாபார நேரத்துல வந்து வயித்துல புளியைக் கரைக்காதீங்கக்கா."

"நான் கரைக்கல. ஏற்கெனவே கரைஞ்சிருக்கான்னுதான் கேக்கறேன்."

அறுபதை ஒட்டிய வயது. நல்ல உயரம். நடையில் எப்போதும் யாரையோ பிடிக்கப் போகிற வேகம். நகைச்சுவை சொன்னால் முடிப்பதற்குள் தானே சிரித்துவிடுவார். கேட்பவருக்குப் பாதிதான் கிடைக்கும். வீட்டில் நீல நிறத்தில் ஒரு துணி கிடையாது. தண்ணீரை முகர்ந்து பார்க்காமல் குடிக்க மாட்டார், அது வக்கீல் அலுவலகத்தில் கொடுத்த தண்ணீராக இருந்தாலும். வலது கைக் கட்டைவிரல் நகம் மட்டும் தடித்து, மஞ்சளாகி, உளியின் நுனிபோல ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. முதல்முறை கை குலுக்குகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருப்பார்கள். "பாருங்க, பாருங்க, அது என் பழைய முதலாளி குடுத்த பரிசு" என்று அவரே நீட்டிக் காட்டுவார்.

அந்த முதலாளி ஒரு சாய ஆலை. சாயத்துக்கு வேண்டிய சரக்கெல்லாம் நீல டிரம்களில் லாரி லாரியாக வந்து இறங்கும். காலியான டிரம்கள் ஆலையின் பின்புறம், தகரக் கூரை போட்ட முற்றத்துக்கு உருண்டுவரும். அங்கே நான்கைந்து பெண்கள். டிரம்மைக் கழுவுவதும் அதன் மேலிருக்கும் லேபிளைச் சுரண்டுவதும் அவர்கள் வேலை.

லேபிளை எடுப்பது அவ்வளவு சுலபமில்லை. வெந்நீரில் நனைத்த சாக்கை அதன்மேல் போட்டு ஊறவிட வேண்டும். அவசரப்பட்டு இரும்புத் தகட்டை வைத்துச் சுரண்டினால் காகிதம் துண்டு துண்டாகக் கிழிந்து, பசை அப்படியே நின்றுவிடும். மற்றவர்கள் பொறுமையிழந்து தகட்டை எடுத்துவிடுவார்கள். டிரம்மக்கா மட்டும் ஒரு மூலையைக் கட்டைவிரல் நகத்தால் கிளப்பி, மெல்ல இழுத்து, முழு லேபிளையும் ஒரே தோலாக உரித்துவிடுவார். மிச்சப் பசையைத்தான் தகட்டால் சுரண்டுவார். பிறகு சோடாக் காரம் போட்டுக் கழுவல், அலசல், ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பி வைத்தல். மறுநாள் தலையை உள்ளே விட்டு முகர்ந்து பார்ப்பார்கள். வாசனை இல்லையென்றால் டிரம் பாஸ்.

"என் கை பட்ட டிரம்னா அப்படியே பால் ஊத்தலாம்னு பேரு. மேஸ்திரி வர்றவங்ககிட்டல்லாம் என்னைக் காட்டிச் சொல்லுவாரு. எனக்கும் தலைகால் புரியாது."

லேபிளில் அந்நிய எழுத்துகள். சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு கறுப்பு மனித உருவம். மார்பில் வெடித்துச் சிதறிய ஒரு வெள்ளை நட்சத்திரம். பல ஆண்டுகள் கழித்து உடம்பைத் தின்னக்கூடிய பொருள் உள்ளே இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. மண்டை ஓடும் எலும்பும் போட்டிருந்தால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பயந்திருப்பார்கள். இந்த மனிதனைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. நெஞ்சு வெடித்து நிற்பதால் அந்தப் பெண்கள் அவனுக்கு 'லவ் ஃபெயிலியர்' என்று பெயர் வைத்தார்கள். "இன்னிக்கு எத்தனை லவ் ஃபெயிலியரை உரிச்ச?" என்பது முற்றத்தில் மாலை நேரத்து விசாரிப்பு.

கழுவிய டிரம்களில் பாதி வெளியே விலைக்குப் போகும். மீதியை ஆண்டு முடிவில் ஆலையே தொழிலாளர்களுக்குக் கொடுக்கும். அவர்கள் குடியிருந்த தெருக்களுக்குக் குழாய்த் தண்ணீர் எப்போதாவதுதான் வரும். ஆகவே டிரம் என்பது அங்கே செல்வம். யாராவது தனிக்குடித்தனம் போனால், ஒரு டிரம்மின் வாயில் ரிப்பன் கட்டி அதை உருட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்துவது அந்தத் தெருக்களின் மரியாதை. டிரம்மக்கா அப்படிப் பலருக்குக் கொடுத்திருக்கிறார். தன் மகளுக்கு ஒன்று. பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்த நாத்தனாருக்கு ஒன்று. அதுவும் பார்த்துப் பார்த்து, கீறல் இல்லாததாக, லேபிள் இருந்த தடமே கண்ணுக்குத் தெரியாததாக.

"என் நாத்தனார் வாயில குத்தம் சொல்லாம தப்பிச்ச ஒரே சாமான் அதுதான்" என்கிறார்.

நாத்தனார் தையல்காரி. ஆலைக்குள் ஒரு நாளும் காலெடுத்து வைத்ததில்லை. சிறுநீரில் ரத்தம் வந்தபோது சூடு என்றார்கள், இளநீர் குடி என்றார்கள். பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது புற்று சிறுநீர்ப்பையைத் தாண்டிவிட்டது. "சாய வேலை எதுவும் பார்த்தீங்களா?" என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றார் நாத்தனார். அவர் சொன்னது உண்மை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த டிரம்மக்காவுக்குத்தான் அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்தது.

நாத்தனார் இறந்தபோது சொந்தக்காரர்கள் விதி என்றார்கள். விதிக்கு லாரி வைத்துச் சரக்கு அனுப்பத் தெரியாது. காலி டிரம்மைக் காசாக்கத் தெரியாது. வரவு பார்த்தவர்கள் இருக்கும்போது பழியை மட்டும் வானத்தின் மேல் போடுவது ஒரு பழைய தந்திரம். போடச் சொன்னவர்கள் லாபத்தோடு வீட்டில் இருக்கிறார்கள்.

நாத்தனாரின் மகன் வழக்குப் போட்டான். டிரம் கொடுத்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன, கேட்க வேண்டிய காலம் கடந்துவிட்டது என்று தள்ளுபடியாயிற்று. சரி, முன்கூட்டியே கேட்போம் என்று டிரம்மக்காவும் அந்தத் தெருக்காரர்களும் இப்போது போட்டிருக்கிற வழக்கில், உங்களுக்கு ஒன்றும் வரவில்லையே, காலம் வரவில்லை என்கிறது ஆலை. நோய்க்கு முன்னால் போனால் சீக்கிரம், பின்னால் போனால் தாமதம். அப்படியானால் சரியான நேரம் எது? செத்துக்கொண்டிருக்கிற அந்தச் சில வாரங்களா?

அவர்கள் கேட்பது இழப்பீட்டு மூட்டை இல்லை. அந்த டிரம் தண்ணீரைக் குடித்த ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை; சந்தேகம் இருந்தால் உள்ளே ஒரு சிறு குழாய்க் கருவி விட்டுப் பார்ப்பது. செலவு ஆலையுடையது. இந்தப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். தாமதித்தால் நாத்தனார் கதைதான். இவ்வளவுதான் வழக்கு. பேருந்தின் பிரேக்கைக் கழற்றிவிட்டு அனுப்பியவனை, பேருந்து இன்னும் எதன்மீதும் மோதவில்லை என்பதற்காக நாம் விட்டுவிடுவோமா? உள்ளே உட்கார்ந்திருப்பவர்களை இறக்கிவிடும் செலவையாவது அவன் தலையில் கட்ட மாட்டோமா?

வக்கீலம்மா கெட்டிக்காரர். ஆலை என்ன கேட்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சாட்சி சொல்ல வேண்டிய வாரத்தில் டிரம்மக்காவை உட்கார வைத்துப் பேசினார்.

"அக்கா, எல்லா டிரம்லயும் எச்சரிக்கை லேபிள் இருந்துச்சேன்னு கேப்பாங்க. பார்த்தேன்னு சொல்லுங்க, அது உண்மை. கேக்காததைச் சொல்லாதீங்க. சுரண்டினது நீங்கன்னு தெரிஞ்சா, பழியை உங்க தலையில கட்டிட்டு அவங்க கையைக் கழுவிடுவாங்க. உங்க பங்குக்கு இருக்கிற பரிசோதனையும் போயிடலாம்."

"பார்த்தேன்னு சொல்லி நிறுத்தினா, பார்த்துட்டும் குடிச்சாங்கன்னு ஆகாதா?"

"ஆகும். அதுக்கு எங்கிட்ட வேற வாதம் இருக்கு. ஆனா நீங்களே சொல்லிட்டா, உங்களைக் காப்பாத்த எங்கிட்ட எதுவும் இல்ல."

டிரம்மக்கா வீட்டுக்காரரிடம் யோசனை கேட்டார். ஆலையில் சுமை தூக்கி முதுகு வளைந்த மனிதர்; இப்போது சைக்கிள் பழுது பார்க்கிறார். மனைவியின் தடவும் பழக்கத்தைப் பற்றி, "நான் டிரம்மாப் பொறந்திருந்தா என் மேலயும் தினம் ஒரு தடவை கை பட்டிருக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் குறைப்பட்டுக்கொள்பவர். அன்று அவர் கிண்டல் பேசவில்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் தங்கச்சி டிரம்மையும் கேப்பாங்களா?" என்றார்.

"கேக்க மாட்டாங்க. ஆனா தெரிஞ்சிடும்."

"ஒனக்கு எது தூக்கம் குடுக்குமோ அதைச் சொல்லு."

நீதிமன்ற அறையின் பெஞ்சுகளில் தெருவே உட்கார்ந்திருந்தது. பின்வரிசையில் நாத்தனாரின் மகன். ஆலை வக்கீல் மரியாதையான மனிதர், குரலை உயர்த்தாதவர்.

"ஒவ்வொரு டிரம்லயும் எச்சரிக்கை லேபிள் ஒட்டியிருந்தது. நீங்க பார்த்தீங்களா அம்மா?"

"பார்த்தேங்க."

"ஒண்ணு ரெண்டுலயா, எல்லாத்துலயுமா?"

"என் கைக்கு வந்த எல்லாத்துலயும்."

"ஆக, எச்சரிக்கையைப் பார்த்துட்டுத்தான் டிரம்மை வீட்டுக்குக் கொண்டுபோனீங்க."

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். அவர் சொல்லிக் கொடுத்த பதில் ஏற்கெனவே முடிந்துவிட்டது. டிரம்மக்கா சாட்சிக் கூண்டின் மரக்கட்டை விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குக் கொண்டுபோறப்ப லேபிள் இல்லீங்க."

"எங்க போச்சு?"

"நான் சுரண்டிட்டேன். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

ஆலை வக்கீல் தடுமாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர் தொழில் தெரிந்தவர். "அப்படின்னா மக்கள் கண்ணுல படாம எச்சரிக்கையை அழிச்சது நீங்க. ஆலை இல்ல."

"என் கைதாங்க அழிச்சது. லேபிள் இருந்தா டிரம் விலை போகாதுன்னு சொல்லித்தான் தகட்டைக் கையில குடுத்தாங்க. நாங்க அந்த லேபிளைத்தான் அழுக்குன்னு நெனச்சோம்."

நீதிபதி முதல்முறையாக நேரடியாகக் கேட்டார். "அந்தப் படத்துக்கு என்ன அர்த்தம்னு யாராவது உங்களுக்குச் சொன்னாங்களா?"

"இல்லீங்க ஐயா. நாங்களாத்தான் ஒரு பேரு வச்சுக்கிட்டோம்."

"என்ன பேரு?"

சொன்னார். வேறு நாளாக இருந்தால் அந்த அறை சிரித்திருக்கும். தட்டச்சு செய்கிறவர் விரலை நிறுத்திவிட்டு நீதிபதியைப் பார்த்தார். "அம்மா சொன்னபடியே பதிவு செய்யுங்க" என்றார் நீதிபதி.

அந்த முற்றத்தை நடத்தியது ஒப்பந்தக்காரர், இந்த அம்மா எங்கள் தொழிலாளியே அல்ல என்று ஆலை அன்று பிற்பகலே மனு கொடுத்துவிட்டது. நிலம் ஆலையுடையது, தகரக் கூரை ஆலையுடையது, டிரம் ஆலையுடையது, விற்ற பணமும் ஆலையுடையது. சுரண்டிய கை மட்டும் யாருடையதோ. சட்டத்தில் இந்த வித்தைக்கு இடமிருக்கிறது. யோசித்து, வரைந்து, கையெழுத்திட்டு உண்டாக்கிய இடம் அது. மனிதர்கள் உண்டாக்கியதை மனிதர்கள் அடைக்கலாம்.

வழக்கு முடியவில்லை. லேபிள் இல்லாத டிரம்கள் யார் யாருக்குப் போயின, அவர்களைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று நீதிபதி தள்ளிவைத்திருக்கிறார்.

சாட்சி சொன்ன அன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் நாத்தனாரின் மகன் வழிமறித்தான்.

"அத்தை, எங்கம்மா டிரம்மையும் நீங்கதான் சுரண்டினீங்களா?"

"ஆமாடா. நான் சுரண்டினதுலயே நல்லா சுரண்டினது அதுதான்."

அவன் படியிறங்கிப் போனான். தெருவில் சிலர் டிரம்மக்காவைக் கண்டால் இன்னும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். அடுத்த வாய்தாவுக்கு அவன் வந்தான். பக்கத்தில் உட்காரவில்லை, வந்தான்.

வராதவர் டிரம்மக்காவின் சொந்த மகள். பள்ளி ஒன்றில் அலுவலக வேலை, இரண்டு பிள்ளைகள், சுத்தமான சிறிய வீடு. மனுவில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "நல்லா இருக்கிற என்னை எதுக்கும்மா நோயாளி வரிசையில நிக்க வைக்கிற? என் புள்ளைங்களை அந்தத் தண்ணியிலதான் வளர்த்தேன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?" என்று கேட்டார். இந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ஆலை தன் வக்கீல்களைவிட இந்தப் பயத்தைத்தான் அதிகமாக நம்பியிருக்கிறது. நலமாக இருப்பவர்கள் வாய் திறக்காத வரை, கேட்க வருகிறவர்கள் எல்லாரும் காலம் கடந்தே வருவார்கள்.

"கட்டாயப்படுத்த முடியுமா? அவ அப்பன் மாதிரி. சக்கரம் தானா நிக்கணும்" என்கிறார் டிரம்மக்கா. ஆனாலும் வாரம் ஒருமுறை மகள் வீட்டுக்குப் போகிறார். வழக்கைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

இதை எழுதுவதற்காகப் போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். மகள் எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குள் போனார். டிரம்மக்கா உட்காரவில்லை, பின்னாலேயே போனார். பழைய டிரம் நின்ற மூலையில் ஒரு வட்டத் தடம். அதன்மேல் புது டிரம், கடையிலிருந்து நேரே வந்தது. அதன் வயிற்றில் வெள்ளையாக ஒரு லேபிள், நம் எழுத்தில்: குடிநீர் வைக்க ஏற்றது.

"பழசு எங்கடி?"

"பின்னாடி இருக்கு. மூடிதான் போட்டு வச்சிருக்கேன், தூக்கிப் போடல" என்றார் மகள், திரும்பிப் பார்க்காமல்.

டிரம்மக்கா உள்ளங்கையால் புது டிரம்மைத் தடவினார். மேலிருந்து கீழாக ஒரு முறை, குறுக்கே ஒரு முறை. லேபிளின் ஒரு மூலை ஈரத்தில் லேசாகக் கிளம்பியிருந்தது. அந்தக் கட்டைவிரல் நகம், யாரும் சொல்லாமலே, அந்த மூலைக்கு அடியில் நுழைந்தது. நுழைந்த இடத்திலேயே நின்றது. நகத்தை வெளியே எடுத்து, அதே விரலின் சதையால் அந்த மூலையை அழுத்தி ஒட்டினார். அது பிடித்துக்கொள்ளும்வரை விரலை எடுக்கவில்லை.

இந்தப் பக்கத்தை மூடிவிட்டு எழுந்து போய் உங்கள் வீட்டு டிரம்மைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக ஓர் இடம் தட்டுப்பட்டால், அதிலிருக்கும் தண்ணீரைக் குடிக்காதீர்கள், டிரம்மையும் தூக்கிப் போடாதீர்கள். உடம்பில் ஒன்றுமில்லாமல் நலமாக இருக்கும்போதே, அதை உருட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்கு வாருங்கள்.